அளவெடுத்துச் செய்த சைக்கிள்

பர்மிங்காம்

அன்புள்ள மாமாவுக்கு,

நான், இவர், பயல் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் அக்கா இந்நேரம் போனில் ஒரு பாட்டம் அழுது முடித்திருப்பாள். "பிள்ளை பெத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை சைக்கிள் கொடுத்திருக்காராம், கேட்டியாடா அநியாயத்தை?" செய்தி உண்மைதான் மாமா. கடையில் வாங்கவில்லை, என் அளவுக்கென்று சொல்லிச் செய்த சைக்கிள் என்று அம்மாவிடம் விளக்கினேன். "சொல்லிச் செய்யறதுன்னா ஒரு அட்டிகை சொல்லியிருக்கலாமே" என்றாள். அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நீங்கள்தான் இந்த வழக்கைத் தீர்த்து வைக்க வேண்டும்.

இந்த ஊரில் பிள்ளை பிறந்தால் நர்ஸம்மா வீடு தேடி வருவார். கையோடு ஒரு சிவப்புப் புத்தகம். பயலின் எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாம் அதில் ஏறும். பக்கம் முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள். அவன் எந்தக் கோட்டோடு போகிறான் என்று புள்ளி வைத்துப் பார்ப்பார்கள். "நீ எப்படி இருக்கிறாய்?" என்று என்னையும் கேட்பார்கள், கண் தராசின் மேல் இருக்கும். வந்த பரிசுகளும் அப்படித்தான்: சட்டை, குல்லா, கிலுகிலுப்பை. பெற்றவளை அளந்து பார்த்தவர் சைக்கிள் செய்கிறவர் ஒருவர்தான்.

அந்த அளவு எடுத்த கதையைக் கேளுங்கள். எனக்குத் தெரியாமல் செய்துவிட வேண்டும் என்பது இவருடைய திட்டம். மாசமாக இருந்தபோது ஒருநாள் தூக்கம் கலைந்து பார்த்தால், இவர் டேப்பும் கையுமாக என் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டதற்கு, பேண்ட் வாங்க என்றார். நம்பினேன். மறுவாரம், வெறுங்காலோடு சுவரை ஒட்டி நில், இந்தத் தடிப் புத்தகத்தைக் கவட்டில் இடுக்கிக்கொள் என்றார். உலகத்தில் எந்தத் தையல்காரனும் அப்படி அளப்பதில்லை மாமா. ரகசியம் அன்றோடு உடைந்தது.

சைக்கிள்காரர் அந்த அளவை ஏற்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பில் மூட்டும் தசைநாரும் தளர்ந்திருக்கும், பாதம்கூடப் பெரிதாகலாம், ஆறு முதல் எட்டு வாரத்தில் நடக்கும் டாக்டர் பரிசோதனை முடிந்து வா என்றார். போனபோது கை நீளம், தோள் அகலம், தொடை என்று ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார். பிரேம் கைக்கு வருவதற்குள் பயலுக்குப் பல் முளைக்கத் தொடங்கிவிட்டது.

அந்தப் பட்டறையை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரே ஆள், ஒரு வைஸ், ஒரு கேஸ் விளக்கு, சுவர் முழுக்க அரம். குழாய் இதே ஊர் ரெனால்ட்ஸ். ஆணி செய்துகொண்டிருந்த குடும்பம்; முனைகளில் கனமும் நடுவில் மெலிசுமாகக் குழாய் செய்யும் முறைக்கு 1897-இல் காப்புரிமை வாங்கி சைக்கிளுக்கு வந்துவிட்டது. மூட்டுப் போடும் இடத்தில் மட்டும் பலம் இருந்தால் போதும், மற்ற இடத்தில் எடை எதற்கு என்ற கணக்கு. 1928-இல் அந்த ரெனால்ட்ஸை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கியது. 1946-இல் இதே ஊர் ஹெர்குலிஸையும் வாங்கியது. 1949-இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து உங்கள் அம்பத்தூர் கம்பெனியைத் தொடங்கியதும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான். என் சைக்கிளுக்கும் உங்களுக்கும் உறவு முறை இருக்கிறது, மாமா.

இதைச் சொன்னதும் சைக்கிள்காரருக்கு ஏக சந்தோஷம். உங்கள் மாமா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுக் கேட்டு, அன்று அரத்தையே தொடவில்லை. அவர் ஒரு பிரேமுக்குக் குழாய் வெட்டி, லக் என்ற மூட்டுக்குள் செருகி, பற்றவைத்து, ராவி முடிப்பதற்குள் நீங்கள் ஒரு மாவட்டத்துக்கே லாரி ஏற்றியிருப்பீர்கள்.

பிறகு என்னை விசாரித்தார். எந்த ரோட்டில் ஓட்டுவாய், கேரியரில் என்ன வைப்பாய்? இன்றைக்கு அரிசி, நாளைக்குப் பிள்ளை என்றேன். சைக்கிள் எதில் பழகினாய்? தாத்தாவின் ஹெர்குலிஸில், குரங்குப் பெடல் என்றேன். அது அவருக்கு விளங்கவில்லை. பாருக்குக் கீழே காலை விட்டுப் பாதிப் பாதியாக மிதிப்பதை இவர் பட்டறை நடுவில், வேறொருவருடைய புது பிரேமில் செய்து காட்டப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து நிறுத்தினோம். சைக்கிள்காரர் யோசித்துவிட்டு, உனக்கு நடுவில் பாரே வேண்டாம், சேலை கட்டினாலும் ஏறலாம் என்று தாழ்வான பிரேமாகவே போட்டுவிட்டார்.

நிறம் கேட்டபோது, கல்யாணத்துக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த மயில்கழுத்துப் பட்டின் முந்தானையை எடுத்துப்போய்க் காட்டினேன். வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர், ஜரிகையையும் விடவில்லை. மயில்கழுத்து நிறத்துக்கு மேல் மெல்லிய தங்கக் கோடு ஓடுகிறது. அம்மா கேட்டால் தங்கமும் இருக்கிறது என்று சொல்லுங்கள். பெயிண்ட் என்பது அவள் கேட்காத கேள்வி.

இங்கே சட்டப்படி புது சைக்கிளை பெல் இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் அடிக்கிற ஆளைக் காணோம். பின்னால் வந்து, தொண்டையைக் கனைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாண்டுகிறார்கள். நான் நம்மூர்க் கணக்கில் அடிக்கிறேன்; பாதி ரோடு திரும்பிப் பார்க்கிறது. கால்வாய்க்கரை வாத்துகள் மட்டும் எதற்கும் நகர்வதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். திருட்டுப் பயத்தில் இவர் சைக்கிளை ஹாலில் நிறுத்தியிருக்கிறார். பிள்ளையின் தள்ளுவண்டி வெளியே நனைகிறது. ராத்திரி பயல் அழுதால் தூக்கிக்கொண்டு போய் ஒரு பெல் அடித்தால் போதும், கப்சிப். இத்தனை விலையில் ஒரு கிலுகிலுப்பை இந்த நாட்டிலேயே இருக்காது.

பின்சீட்டில் உட்கார வேண்டுமென்றால் அவன் தானாக நிமிர்ந்து உட்காரவும், ஹெல்மெட்டோடு தலையைத் தாங்கவும் வேண்டும். அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதுவரை சைக்கிள் எனக்கு மட்டும். பால் கொடுத்த கையோடு கிளம்பி, பிரிஸ்டல் ரோட்டில் 2019-இல் திறந்த சைக்கிள் பாதையில் ஒரு நடை, இல்லையென்றால் கேனன் ஹில் பூங்கா வரை. அடுத்த பசிக்குள் வீடு. வழியில் யாரும் பயல் எத்தனை கிலோ என்று கேட்பதில்லை. ஹேண்டில்பார் கைக்குச் சரியாக எட்டுகிறது, கால் தரைக்குச் சரியாக எட்டுகிறது. வீட்டில் மற்றதெல்லாம் அவன் அளவுக்கு மாறிவிட்டது; இது ஒன்று என் அளவு.

பச்சை உடம்புக்காரி காற்றில் அலையலாமா என்று அம்மா லேகியத்தோடு வரப்போகிறாள். டாக்டர் பார்த்துச் சம்மதித்துவிட்டார் என்றால் நம்ப மாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

உங்கள் அன்பு மருமகள்

பி.கு.: என் சைக்கிள் கேரியரில் ஸ்பிரிங் கிளிப் இல்லை. நல்லதாக ஒன்று அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். விலை என்ன என்று அவள் உங்களைக் கேட்டால், இவர் சொல்லச் சொன்ன தொகையில் பாதியைச் சொல்லுங்கள். அதுவே நிஜத்தில் கால்வாசிதான்.