மரத்துக்குத் தீர்மானம் போட்ட மருமவனுக்கு

என்ன மருமவனே, கோயில் வளவுல நிக்க பெரிய வேம்பு ஆபத்தானதுன்னு கமிட்டியில தீர்மானம் போட்டுட்டியளாமே! ரொம்ப சந்தோசம். எங்க தாத்தா காலத்துல இருந்து நிக்கிற மரம் ஆபத்தானதுன்னு ஒங்களுக்குத் தெரியுததுக்கு, மர யாவாரி வந்து வெல சொல்ல வேண்டியிருந்துருக்கு, பாத்தியா.

பொந்து விழுந்துட்டுங்கிய. ஏலே, மரத்துக்கு உசுரு பட்டையோரத்துலதான் ஓடும், நடுவயிரம் செத்த கட்டை. சுத்துவட்டம் கனமா இருந்தா பொந்தோடயும் நிக்கும். சுத்தியல வச்சுத் தூர நாலு பக்கமும் தட்டிப் பாரு, பொக்குச் சத்தம் எங்க மட்டும் கேக்குன்னு. தூர்ல காளான் பூத்துருக்கா, வேருப்பக்கம் மண்ணு வெடிச்சுத் தூக்கியிருக்கா, போன வருசத்தவிட சாஞ்சிருக்கா? இதப் பாத்துட்டுல்லா பயப்படணும்! நீங்க எலை கொட்டுதுன்னு எழுதியிருக்கிய. மாசி பங்குனியில வேம்பு எலை உதுக்கும், அதுல ஆபத்து கூட்டுதவனுக்கு மட்டுந்தான்.

சரி, அந்த மரத்துக்கு யாரு ஆபத்து பண்ணுனான்னு கமிட்டியில கேட்டானா ஒருத்தன்? வருசா வருசம் அசனத்துக்குக் கோட்டை அடுப்பு வெட்டுதோம்னு தூரோரமாப் பள்ளம் தோண்டி, பக்கவேர அறுத்து, மிச்சத்தத் தீயில வாட்டுனது யாரு? கிறிஸ்மஸ் சீரியல் லைட்டுக்கு ஆணி அடிச்சு, கம்பியச் சுத்தி, அத அவுக்காம விட்டு, பட்டை கம்பிய முழுங்குத மட்டும் பாத்துக்கிட்டு இருந்தது யாரு? போதாக்கொறைக்கு வளவு அழகா இருக்கணும்னு தூர ஒட்டிச் சிமெண்டு பூசிட்டிய. வேருக்கு மழைத்தண்ணியும் இல்ல, மூச்சுமில்ல. அழகுதான், போ.

நம்ம தேரி மண்ணுல நெழலு லேசா வராது. கால்டுவெல் ஐயரு இடையன்குடிக் கோயிலக் கட்டி 1880-ல பிரதிஷ்டை பண்ண 30 வருசத்துக்கு மேல ஆச்சு. கோயிலுக்காவது ஆளக் கூட்டி வேலைய முடுக்கலாம். மரத்த எந்தக் கொத்தனாரு முடுக்குவான்?

வெட்டவே கூடாதுன்னு நான் சொல்லல கேட்டியா. கல்லறைத் தோட்டத்துப் பக்கமா ஒரு பட்ட கொப்பு நீண்டு நிக்கி. ஈஸ்டர் விடியக்காலம் சனம் மெழுகுதிரியோட அதுக்குக் கீழதான் நிக்கும். உள்ள படுத்திருக்கவியளுக்குப் பயமில்ல, பாக்க வாரவியளுக்குத்தான். அத ஐப்பசி மழைக்கு முன்னால கழிச்சிரு. அடியில கொஞ்சம் அறுத்துக்கிட்டுப் பெறவு மேலருந்து அறுக்கணும், இல்லன்னா ஒடியும்போது பட்டைய உரிச்சுக்கிட்டு வரும். ஒரு பக்கமா மொட்டையடிச்சு மரத்தச் சாய விட்டுராத. 2017-ல ஒக்கி புயலு கன்னியாகுமரிப் பக்கம் தென்னை ரப்பருன்னு பாக்காமச் சரிச்சுட்டுப் போச்சு. அப்பிடிக் காத்துக்கு நல்ல மரமும் விழும். அதனால காத்தும் இடியும் வந்தா மரத்தடியில பந்தி போடாத, அம்புட்டுத்தான்.

இன்னொண்ணு. கோபுரத்துச் சுண்ணாம்பு இடுக்குல காக்கா எச்சத்துல ஒரு அரசங்கண்ணு மொளச்சுருக்கு. வெரல் தண்டியில வேரோட எடுக்கலன்னா சொவரப் பொளந்துரும். அதப் பத்தித் தீர்மானத்துல ஒரு வரியக் காணோம். அதுக்கு யாவாரி வெல சொல்லலல்லா!

நாளைக்குக் காலையில ரெண்டு எளவட்டப் பயலுவளோட வா. மொதல்ல அந்தச் சிமெண்ட ஒடச்சு எடுப்போம். கடப்பாரை எங்க வீட்டுல இருக்கு.