நெய்தல் திணையும் சிவப்பு ஆயிலும்: ஒரு முன்னோடி ஆய்வு

தமிழாய்வில் தலைப்புப் பஞ்சம் வந்துவிட்டதென்று ஆய்வு வழிகாட்டிகள் புலம்புகிறார்கள். தலைவியின் வளையல் நெகிழ்ந்தது முதல் தோழியின் கொட்டாவி வரை எல்லாவற்றையும் ஆய்ந்து கட்டி, பைண்டு போட்டு, அலமாரியில் பூட்டியாயிற்று. ஆனால் பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸ் ஆயிலையும் பில்டரையும் மாற்றுவது பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்குறை நீக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வெல்லை: வடக்கே மறைமலை நகர், தெற்கே கல்பாக்கம், மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, கிழக்கே கடல். ஆய்வுப்பொருள்: 2006 மாடல் கார் ஒன்று, 1,38,000 கிலோமீட்டர் ஓடியது. கம்பெனிப் பெயர் வேண்டாம். வயதான காலத்தில் அதன் மானத்தை வாங்குவானேன். நிதியுதவி: ஆய்வாளரின் மனைவி, முணுமுணுப்புடன்.

ஆய்வுச் சிக்கல் தோன்றிய விதம் இது. ஒருநாள் காலை, மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை. எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடியும் கையுமாக வந்து, "யாருக்கு ஆரத்தி எடுத்தீங்க, சொல்லவே இல்லையே?" என்றார். ஆரத்தி இல்லை, ஆயில். எஞ்சின் ஆயிலா கியர் பாக்ஸ் ஆயிலா, எது ஒழுகுகிறது என்று பார்த்ததும் தெரியட்டும் என்பதற்காகவே இதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். இந்த உண்மையை அந்த அம்மாளிடம் விளக்கினேன். ஆரத்தி என்பதே அவருக்கு நம்பும்படியாக இருந்தது.

முதலில் கலைச்சொல். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊரில்தான் ஃபோர்டு ஆலை 2022 வரை கார் செய்துகொண்டிருந்தது. அவ்வூர் டீக்கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் கிளட்ச், கேஸ்கெட், பம்பர் என்று அடிகளார் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குச் சொற்பொழிவு நடக்கும். ஆய்வாளர் 'எண்ணெய்' என்றே எழுத விரும்பினார். எள்ளின் நெய்தான் எண்ணெய். இதில் எள் இல்லையே என்ற இலக்கண அச்சம் தடுத்துவிட்டது. மெக்கானிக்குகளோ இதை 'ஸ்டீயரிங் ஆயில்' என்கிறார்கள். பல வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கிலும் இதையே ஊற்றுவதால் அது ஆகுபெயர்; இலக்கணப்படி குற்றமில்லை.

இனி திணைப் பகுப்பு. சாதாரணக் காரில் நாம் மாற்றினால்தான் கியர் மாறும், அது பிறவினை. ஆட்டோமேட்டிக்கில் கியர் தானே மாறும், தன்வினை. அதன் லீவரின் எழுத்துகளோ அப்படியே ஐந்திணை. 'பி' முல்லை, உரிப்பொருள் இருத்தல். நின்ற இடத்தில் நிற்கும். 'டி' குறிஞ்சி, எஞ்சினும் சக்கரமும் கூடுவதால் புணர்தல். 'என்' பாலை, இரண்டும் பிரிந்துவிட்டன. 'ஆர்' மருதம், ஊடல் கொண்டு பின்னோக்கிப் போவது. மிஞ்சிய 'எல்' மலையிறக்கத்தில் போடுவது. ஆகவே நெய்தல், உரிப்பொருள் இறங்கல். வல்லின 'ற' இடையின 'ர' ஆனது ஏடெழுதினோர் பிழை என்பது ஆய்வாளர் துணிபு. நடுவில் இருக்கும் '2' என்பதை யாரும் தொட்டதில்லை, அது கைக்கிளை. பேட்டரி தீர்ந்த ஆட்டோமேட்டிக்கை நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது பெருந்திணை. அது பொருந்தவே பொருந்தாது. எஞ்சின் ஓடினால்தான் உள்ளே ஆயில் பம்பு ஓடும், பம்பு ஓடினால்தான் கியர் பிடிக்கும்.

இவற்றுள் மூலத்திணை நெய்தலே. நெய்தலுக்குள்ளேயே 'நெய்' இருக்கிறதே என்பது முதற்சான்று. (வேர்ச்சொல் அறிஞர்கள் கல்லெறிய வேண்டாம்.) இரண்டாவது சான்று கொஞ்சம் கனமானது. மின்விசிறி ஒன்றை ஓடவிட்டு, எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால் அதன் இறக்கையும் சுற்றும். காற்றுக்குப் பதில் ஆயில் என்றால் அதுவே டார்க் கன்வர்டர். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இரும்புப் பிடிப்பு இல்லாமல் ஆயிலே விசையைக் கடத்துகிறது. 1905-இல் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் இதற்குக் காப்புரிமை வாங்கியது காருக்காக அல்ல, கப்பலுக்காக. அவர் வேலை பார்த்தது கப்பல் கட்டும் தளத்தில். காருக்கு முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஓல்ட்ஸ்மொபீலில் 1940 மாடலுக்குத்தான் வந்தது.

மூன்றாம் சான்றை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. கியர் மாறும்போது உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகள் வெடுக்கென்று பிடிக்காமல் பதமாகப் பிடிக்க, அந்தக் கால அமெரிக்க ஆயிலில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். செய்தித்தாளில் அம்பர்கிரிஸ் கடத்தல் என்று படிக்கிறோமே, அந்த அம்பர்கிரிஸைத் தரும் அதே திமிங்கிலம். 1970-களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்தபின்தான் வேறு ரசாயனம் தேடினார்கள். ஒரு தலைமுறைக் கார்கள் குலுங்காமல் ஓடியதற்கு நெய்தலின் ஆகப் பெரிய கருப்பொருள் உயிர் கொடுத்திருக்கிறது.

இத்துறையில் இரு சமயங்கள் உள்ளன. வடகலை தென்கலையாவது ஒரே பெருமாளைக் கும்பிடும். மாற்றாதோர் மதம் சொல்வது: ஓடுகிற வண்டியை நோண்டாதே, தேய்ந்த கிளட்சின் பொடி பழைய ஆயிலில் மிதந்துதான் பிடிப்பைத் தருகிறது, புது ஆயில் ஊற்றினால் வழுக்கும். இவர்களின் தலம் எங்கள் ஊர் வெண்ணெய் உருண்டைப் பாறை. சரிவில் ஹேண்ட் பிரேக் இல்லாமல், கட்டை கொடுக்காமல், நிரந்தரமாக 'பி'யில் நிற்கிறது. 1908-இல் ஆளுநர் ஆர்தர் லாலி யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று கைடுகள் சொல்வார்கள். நிற்பதை நோண்டாதே என்பது அங்கும் உபதேசம்.

மாற்றுவோர் மதம் சொல்வது: புது ஆயில் ஊற்றி வழுக்கினால் கிளட்ச் முன்பே செத்துவிட்டது என்று பொருள், ஆயில்மேல் பழி போடாதே. ஆய்வாளர் இக்கட்சி. மெஷின் வைத்து மொத்தத்தையும் அடித்துக் கழுவுவதில் மட்டும் அவருக்கும் பயம்.

'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று பல கார் கம்பெனிகள் சொல்வதால் இச்சண்டை இன்னும் குழம்பிவிட்டது. யாருடைய ஆயுள் என்பதற்கு எந்த உரையாசிரியரும் உரை எழுதவில்லை. காருடையதா, வாரண்டியுடையதா, வாங்கியவருடையதா? செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை இருக்கிறது, அங்கிருந்து வரும் வண்டிகளில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக்தான். ஆனால் அவற்றில் பலவற்றுக்குக் கியர் பாக்ஸையே செய்யும் இசட்.எஃப். நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்று என்று சொல்கிறது. பெற்றவளுக்குத்தானே பிள்ளையின் வயிறு தெரியும். நம் பகுதி மரபுக் கணக்கும் ஒன்று உண்டு: திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுக்கொருமுறை சங்கு பிறக்கும். என் கார் அதையும் தாண்டிவிட்டிருந்தது.

களப்பணி, செங்கல்பட்டில் திருக்கழுக்குன்றம் சாலையோரம் ஒரு ஷெட்டில். மாமல்லபுரத்திலிருந்து ஓட்டிப் போனதால் ஆயில் சூடேறி இளகியிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். வண்டியைப் பிட்டின் மேல் ஏற்றிவிட்டு மெக்கானிக் கீழே இறங்கினார். கியர் பாக்ஸின் அடித்தட்டைப் பிடித்திருப்பவை பத்தாம் நம்பர் போல்ட் பதினெட்டு. அடியில் இருப்பதால் இவற்றைப் பதினெண்கீழ்க்கணக்கு எனலாம். பதினேழு ஒழுங்காக வந்தன. கடற்காற்றின் உப்பு தின்ற பதினெட்டாவது, தலை முறிந்தது. பதினெட்டாவது இன்னிலையா கைந்நிலையா என்று புலவர்கள் அடித்துக்கொண்டது போல நாங்களும் ஒரு மணி நேரம் அந்தப் பதினெட்டாவதோடு மல்லுக்கட்டினோம்.

ஒரு மூலையை மட்டும் தளர்த்தி, தட்டைச் சாய்த்து வடித்தார். சிவப்பாக இருக்க வேண்டியது சுக்குக் காப்பி நிறத்தில் வந்தது. மோந்து பார்த்தார், தீய்ந்த வாடை இல்லை. தட்டின் உள்ளே ஒட்டியிருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சாந்து. விரலில் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"மாவு சார். மாவா இருந்தா வயசு. சில்லு சில்லா இருந்தா வியாதி."

நானூறு பக்க ஆய்வேட்டில் இத்தனை தெளிவாக ஒரு முடிவுரை படித்ததில்லை.

பில்டர் தட்டையான தகரப் பெட்டி. கீழே இழுத்தால் வந்துவிடும். அதன் ரப்பர் வளையம் மட்டும் மேலேயே ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்காமல் புதியதைச் செருகினால் சரியாக உட்காராது, ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இதமாக முடுக்கினார். வீரம் காட்டினால் தட்டு வளைந்து மறுபடி ஒழுகும். வடிந்ததைத் தண்ணீர் பாட்டிலில் அளந்தால் 3 லிட்டர். அதே அளவு புதியது, கேஜ் குழாய் வழியாகப் புனல் வைத்து ஊற்றினார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஐந்திணையிலும் லீவரை நிறுத்தி நிறுத்தி எடுத்து, முல்லைக்குத் திரும்பி, எஞ்சின் ஓடும்போதே கேஜ் பார்த்தோம்.

"அண்ணே, புக்குல மொத்தம் 7 லிட்டர்னு போட்டிருக்கே, மீதி நாலு?"

"கன்வர்டருக்குள்ள இருக்குது சார். அதுக்கு வடிகட்ற போல்ட்டே வைக்கல."

கணக்குப் போட்டேன். முதல் முறையில் புது ஆயில் 43 சதவீதம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி மறுபடி வடித்து ஊற்றினால் 67. மூன்றாம் முறை 81. எத்தனை முறை மாற்றினாலும் நூறு வராது. தன்வினை வண்டிக்குள் பழவினை இவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்டது இதுவே முதன்முறையாக இருக்கும்.

திரும்பும் வழியில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது முன்பு இருந்த உதைப்பு இல்லை. மனைவிக்குச் செலவுக் கணக்கைச் சொன்னேன். மாமியார் காதில் "ஆபரேஷன்" என்று மட்டும் விழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை வாசலுக்கு வந்தால், காரின் முன்சக்கரத்தடியில் சிவப்பு. முன்னைவிடப் பெரியது. முட்டி போட்டு, விரலால் தொட்டு, பனியன் வேஸ்ட் இல்லாததால் வேட்டியில் துடைத்து, பிறகு மோந்து பார்த்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும்.

எதிர்வீட்டு அம்மாள் கோலத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.