கனடாக் கோல் வந்தால் கதைப்பது எப்படி?

சுன்னாகத்துப் பெற்றோருக்கான வழிகாட்டி இது. ரொறொன்ரோவிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் எடுக்கிறான். 'அம்… ப்பிட்… யா…' என்று குரல் அறுந்தறுந்து வருகிறது. உடனே கத்துங்கள். பக்கத்து மல்லாகத்துக்குக் கேட்டால் போதாது, கனடாவுக்குக் கேட்கவேண்டும். அதுவும் சரிவராவிட்டால், "உங்கைதான் லைன் சரியில்லை" என்று சொல்லிவிடுங்கள். எல்லா வீட்டிலும் கைகண்ட முறை.

தூரத்தைக் குறை சொல்லமுடியாது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கடலடிக் கேபிள் 20,000 கிலோமீற்றர் சுற்றிப் போனாலும் 100 மில்லிசெக்கன்தான். 150க்குள் வந்தால் கதை குழம்பாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு.

கரைச்சல் வேறிடத்தில். போன் குரலை வழக்கமாக 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. செக்கனுக்கு 50 பொதி. அவை காங்கேசன்துறை வீதி பஸ் மாதிரி, கனநேரம் ஒன்றுமில்லாமல் பிறகு மூன்றாகச் சேர்ந்து வரும். கேட்கிற போன் கொஞ்சம் பொறுத்து வரிசைப்படுத்தப் பார்க்கும். அதற்கும் பிந்தி வந்ததை எறிந்துவிடும். கூடப் பொறுத்தால் எறிவது குறையும், ஆனால் பதில் பிந்தும்.

ஆகவே றவுட்டரைச் சாமியறையில் வைத்து விபூதி பூசுங்கள். நீங்கள் குசினியில் நின்று கதையுங்கள். நடுவில் மூன்று கல்லுச் சுவர் இருக்கட்டும். அந்நேரம் பேரன் கோயில் திருவிழா வீடியோவை ஏற்றினால் இன்னும் விசேஷம்: உங்கள் 'சாப்பிட்டியோ' தேருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வீடியோவை நிறுத்திவிட்டு றவுட்டருக்குப் பக்கத்தில் இருந்து கதைப்பதெல்லாம் சோம்பேறிகளின் வழி. சுன்னாகம் மின்நிலையம் உள்ள ஊர், கரண்ட் போகாது என்று நம்பி, றவுட்டருக்குப் பற்றரியும் வாங்காதீர்கள்.

அவன் கதைக்கும்போது 'ஓம்… ஓம்' போட மறவாதீர்கள். அது பிந்திப் போய் அவனுடைய அடுத்த வசனத்தில் முட்டும். அவன் "என்னம்மா?" என்பான், நீங்கள் "என்னப்பு?" என்பீர்கள். இப்படியே பத்து நிமிடம் போகும். சுகம் விசாரித்ததாகவும் ஆயிற்று.

காணியை விற்கிற கதை வந்தால் மட்டும் போனோடு கிணற்றடிக்குப் போங்கள். "கேக்கேல்லை ராசா, பேந்து எடு." கோயில் திருப்பணிக் காசைப் பற்றி நீங்கள் தொடங்கும்போது அவனுடைய குரலும் அறும். அவன் எந்த அறைக்குப் போனவன் என்று கேட்கக்கூடாது.