டைகருக்குப் பாஸ்போர்ட் கிடையாது

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோவிலிலிருந்து அர்த்தநாரீஸ்வரர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது, வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அவரை யாரும் கேட்கவில்லை. தனிமைக் கூடத்தில் அடைக்கவில்லை. 2004-ல் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அவரை வாங்கி, விளக்குப் போட்டு நிறுத்திவைத்தது. திருட்டுச் சொத்து என்று தெரிந்து 2014-ல் திருப்பிக் கொடுக்கும்வரை பத்து வருஷம் அங்கே ராஜமரியாதை. காகிதம் இல்லாமலா போனார்? இருந்தது. அத்தனையும் போலி.

அதே கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு நாய் ஆஸ்திரேலியாவுக்குப் போகட்டும் பார்க்கலாம். நேராகப் போக வழியே இல்லை. ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா கிடையாது. நாய் முதலில் பட்டியலில் உள்ள வேறொரு நாட்டுக்குப் போய், அங்கே மாதக்கணக்கில் குடியிருந்து, ரத்தம் கொடுத்து, நல்ல நாய் என்று பெயரெடுத்து, பிறகு மெல்போர்ன் பக்கம் மிக்கிள்ஹாமில் உள்ள அரசுத் தனிமைக் கூடத்தில் குறைந்தது பத்து நாள் கம்பி எண்ண வேண்டும். ஆளைப் பார்த்துச் சட்டம் வளையாது என்பதற்கும் அங்கே அத்தாட்சி உண்டு. 2015-ல் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு குட்டி நாய்கள் தனி விமானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கின. நாட்டைவிட்டுக் கிளப்புங்கள், இல்லையென்றால் கருணைக்கொலைதான் என்று வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ் கெடு வைத்தார். மறு வருஷம் டெப்பும் அவருடைய அன்றைய மனைவியும் கேமரா முன்னால் உட்கார்ந்து, வாத்தியார் எழுப்பிவிட்ட கடைசி பெஞ்சுப் பையன்கள் மாதிரி மன்னிப்பு ஒப்பித்தார்கள். நம் ஊராக இருந்தால் அந்த நாய்களுக்கு மாலை போட்டு, ரசிகர் மன்றத்தில் கௌரவத் தலைவர் பதவி கொடுத்திருப்போம்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? வெள்ளைக்காரன் திமிர் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுகமாக இருக்கும். கொஞ்சம் உட்காருங்கள். உலகில் வெறிநோயால் சாகிறவர்களில் நூற்றுக்கு 36 பேர் இந்தியாவில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. 43 பேர் வெறிநோயில் இறந்தார்கள். 1885-லேயே லூயி பாஸ்டர் ஊசி போட்டுக் காட்டிவிட்ட நோய் இது. 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஊசி கையில் இருந்தும் சாகிறோம். சாகிறவர்கள் யார் என்று பாருங்கள்: விடிவதற்கு முன் மீன் கூடையோடு போகிறவள், இரண்டாம் ஆட்டம் விட்டு சைக்கிளில் திரும்புகிறவன், தெருவில் விளையாடுகிற பிள்ளை. காருக்குள் இருப்பவரை நாய் கடிப்பதில்லை. அதனால்தான் கோப்பு நகர்வதில்லை.

நாய்வழி வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதாக 2021-ல் டெல்லி திட்டம் போட்டது. நூறு நாயில் எழுபதுக்கு வருஷா வருஷம் ஊசி விழுந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும், அவ்வளவுதான் கணக்கு. கடலூர் மாநகராட்சிக்கும் சிதம்பரம் நகராட்சிக்கும் ஒரே கேள்வி. உங்கள் எல்லைக்குள் எத்தனை நாய், அதில் எத்தனைக்கு ஊசி? மஞ்சக்குப்பம் மைதானத்தில் தட்டி கட்டி எழுதிவையுங்கள், வந்து படிக்கிறோம். மெல்போர்ன் அதிகாரி கதவைச் சாத்துவது நாயின் ஜாதகத்தைப் பார்த்து இல்லை. உங்கள் ஜாதகத்தைப் பார்த்துத்தான்.

சிதம்பரத்தில் வசதியான ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். சாருக்கு வெளிநாட்டில் வேலை, குடும்பத்தோடு கிளம்புகிறார். வீட்டில் டைகர் என்றொரு லாப்ரடார். லண்டன் என்றால் சுலபம் என்று யாரோ சொல்கிறார்கள். அந்தச் சுலபத்தைக் கேளுங்கள். முதலில் கழுத்துத் தோலுக்கடியில் 15 இலக்க எண்ணுள்ள சிப். அதற்குப் பிறகுதான் வெறிநோய் ஊசி. வரிசை மாறி, ஊசி முந்திச் சிப் பிந்தினால் அந்த ஊசி கணக்கிலேயே சேராது. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி, எதிர்ப்புச் சக்தி மில்லிக்கு 0.5 யூனிட்டாவது இருக்கிறது என்று காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இதே சடங்கு. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை ஊரெல்லாம் எங்களுடையது என்றார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அன்றைக்கே அவர்களை ரத்தம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். நமக்குத் தோன்றவில்லை.

சார் டைகரின் ஊசிச் சிட்டையைத் தேடி எடுக்கிறார். மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த அட்டைப் புத்தகம். முதல் வருஷத்துக்கு ஊசிக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டுச் சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் வருஷம் கையெழுத்து மட்டும், தேதி இல்லை. மூன்றாம் வருஷத்துப் பக்கத்தில் பால்காரர் கணக்கு. அதோடு கால்நடை மருந்தகத்துக்குப் போனால், அங்கே டாக்டர் பசுவுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். சிப் வாசிக்கும் கருவி இருக்கிறதா என்று சார் இங்கிலீஷில் கேட்கிறார். பசுவைப் பிடித்துக்கொண்டிருப்பவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் குற்றமில்லை. ஒரு டாக்டரை நம்பி ஊர் முழுக்க ஆடும் மாடும் நிற்கிற இடத்தில், டைகருக்கு லண்டன் காகிதம் கேட்டால் வேறென்ன செய்வார்? கடைசியில் எல்லாரும் சென்னையைத்தான் கைகாட்டுவார்கள். ஏற்றுமதிச் சான்று தருகிற மத்திய அரசின் விலங்குத் தனிமை அலுவலகம் தமிழ்நாட்டுக்கே அங்கே ஒன்றுதான்.

சிங்கப்பூரின் கதை இன்னும் ருசியானது. அங்கே வீடமைப்பு வாரியக் குடியிருப்புகளில் பூனை வளர்க்க 1989-லிருந்து தடை. 2024 செப்டம்பரில் மனம் இரங்கி, வீட்டுக்கு இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாய் என்றால் பட்டியலில் உள்ள சிறிய இனத்தில் ஒன்று. பண்ருட்டியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் கட்டட வேலைக்குப் போன நம் ஆட்கள் அந்தக் குடியிருப்பில் ஒரு அறைகூட வாடகைக்கு எடுக்க முடியாது. மலேசியர் அல்லாத கட்டடத் தொழிலாளிக்கு விதி அப்படி, அவர்களுக்கு விடுதிதான். அடுக்குமாடியைக் கட்டியவன் வெளியே, பூனை உள்ளே. பூனைக்கு வாழ்த்துகள்.

இங்கே விதியே இல்லையா என்றால், விதிக்கு என்ன பஞ்சம்? 2024 மார்ச்சில் டெல்லி 23 இன நாய்களின் பெயரைப் பட்டியலிட்டு, இவை ஆபத்தானவை, உரிமம் கொடுக்காதீர்கள் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு மாதம் முடிவதற்குள் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த மாதமே சென்னையில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறின. வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும் என்பது அதன் பிறகுதான் பாதிப் பேருக்குத் தெரியவந்தது. 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடை என்றது உச்ச நீதிமன்றம். 22-ஆம் தேதி, ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடு என்று மாற்றியது. நாய்களுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

போர் வந்தால் மட்டும் காகிதம் தளரும். 2022-ல் உக்ரைனில் சிக்கிக்கொண்ட நம் மாணவர்கள் சிலர், நாயை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அரசு இறங்கிவந்து, இந்த ஒரு தடவை மட்டும் என்று விதியைத் தளர்த்தியது. தலைக்கு மேல் குண்டு விழும்போதும் நாயைக் கைவிடாத பிள்ளைகள் அவர்கள். நம் சாரின் தலைக்கு மேல் விழுந்தது விமான டிக்கெட் மட்டும்தான்.

நாலு மாதம் யார் காத்திருப்பது? விமானக் கூலி யார் கட்டுவது? வாட்ஸாப்பில் ஒரு செய்தி போடுகிறார்: 'அன்பான லாப்ரடார், நல்ல உள்ளங்கள் தத்தெடுக்கவும், ஞாயிறு இரவு விமானம்.' நல்ல உள்ளங்கள் கும்பிடு போட்ட கையைப் பதிலாக அனுப்புகின்றன. சனிக்கிழமை சாயங்காலம் சார் டைகரைக் காரில் ஏற்றிக்கொண்டு கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகிறார். திரும்பும்போது பின்சீட் காலி. பட்டையைக் கழற்றிவிட்டார், பாவம் கழுத்தை இறுக்கும் என்று.

இது குற்றம். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவதைக் குற்றமாகவே எழுதிவைத்திருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டுக் காபி குடித்தால் இதைவிட அதிகம் ஆகும். அறுபது வருஷத்துக்கு மேலாக நாடாளுமன்றத்தில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். தங்கள் சம்பளத்தை எத்தனை தடவை உயர்த்திக்கொண்டார்கள்! இந்த ஐம்பது ரூபாயில் ஒருவரும் கைவைக்கவில்லை.

லண்டன் தட்டிப்போய் சார் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தார் என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் அழுததால் காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்துவருகிறார். விக்டோரியா மாநிலத்தில் மூன்று மாத வயதாவதற்குள் நாய்க்குச் சிப் வைத்து, உள்ளூர் கவுன்சிலில் பதிந்து, வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். சார் கட்டுகிறார், ஒரு நாள் தவறாமல். சிதம்பரத்தில் அடுத்த வீட்டுக் கோலத்தின் மேல் டைகரை உட்காரவிட்டு வானத்தைப் பார்த்தவர், அங்கே கையில் உறை மாட்டிக்கொண்டு, குனிந்து, நாய் போட்டதைப் பையில் அள்ளி முடிச்சுப் போடுகிறார். யாரும் பார்க்காதபோதும் அள்ளுகிறார். எங்கே கேட்பார்கள், எங்கே கேட்கமாட்டார்கள் என்பதில் சார் கெட்டிக்காரர்.

மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு ஊருக்கு வருவார். கீழவீதியில் எலும்பும் தோலுமாக ஒரு சந்தன நிற நாய் வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே வரும். 'ச்சீ, போ! இந்த ஊர் திருந்தவே திருந்தாது' என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்குவார். அது யார் வீட்டு நாய் என்று நகராட்சியில் கேட்டால் பதிவேட்டில் இருக்காது. சாரைக் கேட்டால் ஞாபகத்தில் இருக்காது.