டப்பாவுக்குள் ஒரு போலீஸ்

அம்பத்தூர் எஸ்டேட் பெண்களுக்கு ஒரு நற்செய்தி. பொழுதுக்கும் தையல் மெஷினில் குனிந்து, மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டுக்குப் பயந்து பாத்ரூமை அடக்கியதால்தான் உடம்பு கெட்டது என்று நினைத்தீர்கள் அல்லவா? இல்லையாம். ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்றொரு ரவுடி உள்ளே திரிகிறானாம். அவனைப் பிடிக்க ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற போலீஸ் டப்பாவில் வந்திறங்கியிருக்கிறது.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ, முகூர்த்தமில்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். இலவச முகாம். குதிகாலை ஒரு மெஷினுக்குள் வைக்கச் சொல்வார்கள். “எலும்பு அரிச்சிப்போச்சுக்கா!” மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறையும், இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேரும், கொலஸ்ட்ரால் ஏறும், சர்க்கரை எட்டிப் பார்க்கும் என்பார்கள். அதுவரை உண்மைதான். அடுத்த வாக்கியத்தில் விலை வரும்.

அந்தப் போலீஸின் லட்சணம் உலகம் பார்த்ததுதான். 45 வயதைத் தாண்டிய 39,876 அமெரிக்கப் பெண்களை வைத்து வைட்டமின் ஈயைப் பத்தாண்டு சோதித்தார்கள். 2005இல் முடிவு வந்தது: மாரடைப்பும் குறையவில்லை, புற்றுநோயும் குறையவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியது, அது 1994. திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ராலைக் கொண்டாடிய கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் தீபக் தாஸ், 145 இடங்களில் தரவைத் திரித்திருந்ததாக அந்தப் பல்கலைக்கழகமே 2012இல் அறிவித்தது. டப்பாவில் திராட்சைப் படம் இன்னும் பளபளக்கிறது.

பெண்களின் நோய்களைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் டப்பா எதையும் குணமாக்குவதில்லை; ‘துணைபுரிகிறது’, ‘சமன்செய்கிறது’. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று சட்டப்படி அச்சிட்டும் இருக்கிறார்கள், வெள்ளெழுத்து விழுந்த கண்ணுக்குத் தோதாக, எறும்பளவு ஆங்கிலத்தில்.

அரசாங்கமாவது மாதவிடாய் நின்றவளை எண்ணுகிறதா? தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. யார் அந்தப் பெண்கள்? 15 முதல் 49 வயது வரை. ஐம்பது பிறந்தால் ரத்தம் தானாக ஊறிவிடும்போல! கருப்பைக்கு வேலை இருக்கும்வரைதான் அவள் ரத்தத்துக்குக் கணக்கு. சர்க்கார் பேரேட்டை மூடும் இடத்தில் வியாபாரி தன் பேரேட்டைத் திறக்கிறான். கடையில் நிற்கும் பெண் உட்கார ஒரு நாற்காலி போடச் சொல்லிச் சட்டம் இயற்றவே இந்த மாநிலத்துக்கு 2021 ஆனது. குப்பென்று சூடேறி ஜாக்கெட் நனைய நிற்பவளுக்கு ஒரு ஃபேன் வேண்டுமென்று எந்தச் சட்டம், எப்போது வரும்?

“அவ்ளோ காசு இல்லம்மா” என்று எழுந்திருப்பவளையும் முகாம் கைவிடாது. “காசு எதுக்குக்கா? உங்க லைன்ல ரெண்டு பேரச் சேத்துவுடுங்க.” இருபது வருஷம் தைத்தும் சூப்பர்வைசராக முடியாதவள், மூன்றே மாதத்தில் ‘சில்வர் டிஸ்ட்ரிபியூட்டர்’.