ஒன் பாயின்ட் ஓ வரட்டும்

சாட்டிஸ்ஃபேக்டரி விளையாட்டில் முதல் நிலை கன்வேயர் பெல்ட் நிமிடத்துக்கு 60 பொருள்களை நகர்த்தும் என்பது அவருக்குத் தெரியும். ஃபேக்டோரியோவில் எண்ணெய் சுத்திகரிப்பு முறையை எந்த ஆண்டு மாற்றினார்கள், வால்ஹெய்மில் கருங்காட்டுக்குள் கால் வைத்தால் எந்த ராட்சதன் துரத்துவான், ப்ராஜெக்ட் ஸோம்பாய்டில் ஜன்னலை உடைத்துவிட்டுக் கண்ணாடித் துண்டுகளை அகற்றாமல் ஏறிக் குதித்தால் என்ன ஆகும்? எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் பதில் வரும். அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, நீங்க விளையாடியிருக்கீங்களா?"

"இல்ல தம்பி. ஒன் பாயின்ட் ஓ வரட்டும்."

கணினி விளையாட்டு ஆடுகிற கூட்டம் உலகில் எங்கிருந்தாலும் அங்கே இப்படி ஒரு அண்ணன் இருப்பார். கஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. கணினிக்கும் நாற்காலிக்கும் அவர் கொட்டிய பணத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சோம்பேறியும் இல்லை. ஒரு விளையாட்டை ஆடாமல் இருப்பதற்கு அவர் போடும் உழைப்பில் பாதியை ஆடுவதில் போட்டிருந்தால், ஃபேக்டோரியோவில் இந்நேரம் ராக்கெட்டே விட்டிருப்பார். அவருடைய கொள்கை ஒன்றுதான்: முழுசாக முடியாத எதையும் தொடுவதில்லை. கல்யாண வீட்டில் பாயசம் வந்தாயிற்றா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவேன் என்று வாசலிலேயே நிற்கிற மாமாக்கள் இருக்கிறார்களே, அந்த வம்சம்.

இவரைச் சோதிப்பதற்கென்றே வந்து வாய்த்த ஏற்பாடு 'எர்லி ஆக்சஸ்'. பாதி செய்த விளையாட்டை விற்பனைக்கு வைத்துவிடுவார்கள். வாங்கியவர்கள் ஆடிப் பார்த்துக் குறை சொல்வார்கள். அந்தப் பணத்தையும் அந்தக் குறைகளையும் வைத்து மீதியைச் செய்வார்கள். எல்லாம் முடிந்தது என்று அறிவிக்கும் பதிப்புக்குத்தான் 1.0, அதாவது ஒன் பாயின்ட் ஓ என்று பெயர். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடை 2013 மார்ச்சில் இதற்கெனத் தனிப் பிரிவே திறந்தது. ஆனால் இப்படி விற்றாலும் கூட்டம் அள்ளும் என்று அதற்கு முன்பே காட்டியது மைன்கிராஃப்ட். ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்ஸன் 2009 ஜூனில் அதை அரைகுறை நிலையிலேயே 9.95 யூரோவுக்கு விற்கத் தொடங்கினார். 2010 டிசம்பரில் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு வந்தபோது விலை 14.95 ஆனது. 2011 நவம்பர் 18 அன்று லாஸ் வேகஸில் விழா எடுத்து, 'இதோ முழு விளையாட்டு' என்று அறிவித்தபோது 19.95. பொறுத்திருந்து வாங்கிய அண்ணனுக்குக் கிடைத்தது என்ன? இரண்டு மடங்கு விலை, ஏறக்குறைய இரண்டரை ஆண்டுத் தாமதம், கடைசியில் கொல்வதற்கு ஒரு டிராகன். அந்த டிராகனைக் கொன்ற மறுநாளும் ஆட்கள் பழையபடி குழி தோண்டி வீடு கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சேண்ட்பாக்ஸ் வகை விளையாட்டில் இந்தக் காத்திருப்பு கொஞ்சம் விசித்திரமானது. கதை சொல்லும் விளையாட்டென்றால் நியாயம் இருக்கிறது. பாதிக் கதையைக் கேட்டுவிட்டு மீதிக்கு நான்கு வருடம் உட்கார்ந்திருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் சேண்ட்பாக்ஸில் உலகத்தைக் கையில் கொடுத்து 'இஷ்டம்போல் இரு' என்று விட்டுவிடுகிறார்கள். தோண்டலாம், கட்டலாம், இடிக்கலாம், தொழிற்சாலை வைக்கலாம், பசியில் செத்தும் போகலாம். முடிவே இல்லாத ஒன்று முடியட்டும் என்று அண்ணன் காத்திருக்கிறார்.

டெராரியாவைப் பாருங்கள். எர்லி ஆக்சஸ் பக்கமே போகாமல் 2011 மே மாதம் முழு விளையாட்டாகவே வெளிவந்தது. அன்றே வாங்கியிருக்கலாம். "பெரிய அப்டேட் ஒண்ணு வருதாம்" என்றார். வந்தது. அதற்கு மேல் இன்னொன்றும் வந்தது. 2020 மே மாதம், பயணம் முடிந்தது என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு ஓர் அப்டேட் வெளியானது. சரி, இனி பயமில்லை என்று அவர் பணப்பையை எடுப்பதற்குள் 2022 செப்டம்பரில் மறுபடி ஒன்று. செய்தவர்களுக்கே நிறுத்த மனம் வரவில்லை; இவர் என்ன செய்வார், பாவம்.

அண்ணனின் வாழ்க்கையில் மிகப் பெரிய சோகம் ஃபேக்டோரியோதான். பிராகாவில் இருக்கும் வூப் நிறுவனத்தார் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் என்ன செய்தோம், எந்தப் பிழையைத் திருத்தினோம், ரயில் ஏன் அப்படித் திரும்புகிறது என்றெல்லாம் விரிவாக எழுதுவார்கள். அண்ணன் ஒன்றுவிடாமல் படித்தார். 2016 பிப்ரவரியில் ஸ்டீமுக்கு வந்தபோது விலை 20 டாலர். 'முடியட்டும்' என்றார். 2018இல் 30 டாலர் ஆக்கினார்கள். 'முடிஞ்சதும் தள்ளுபடியில வாங்கிக்கலாம்' என்றார். தள்ளுபடி தருவதில்லை என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. ஒளித்து வைக்கவில்லை, விற்பனைப் பக்கத்திலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். அண்ணனும் அதைப் படித்தவர்தான். இருந்தாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் போய் எட்டிப் பார்த்தார்.

ஒன் பாயின்ட் ஓ 2020 செப்டம்பர் 25 அன்று வரும் என்று தேதி குறித்தார்கள். சைபர்பங்க் 2077 என்ற பெரிய விளையாட்டு அதே மாதம் வருவதாக இருந்ததால், அந்த நெரிசலில் சிக்க வேண்டாம் என்று ஆகஸ்ட் 14க்கே முன்னால் இழுத்துக்கொண்டார்கள். சொன்ன தேதிக்கு முன்பே முடிந்துவிட்ட விளையாட்டு! யாருக்குப் பயந்து இப்படிச் செய்தார்களோ அந்த சைபர்பங்க் தள்ளித் தள்ளி டிசம்பர் 10 அன்றுதான் வந்தது. அண்ணனுக்கோ இது எதிர்பாராத தாக்குதல். மனத்தளவில் தயாராகவில்லை. தயாராவதற்குள் 2023 ஜனவரியில் விலைவாசியைக் காரணம் காட்டி 35 டாலர் ஆக்கிவிட்டார்கள். பிறகு 'ஸ்பேஸ் ஏஜ்' என்ற விரிவாக்கம் வரப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும் அவர் முகத்தில் மறுபடியும் நிம்மதி தெரிந்தது. காத்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா?

அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் கையில் சாட்சியங்களும் இருக்கின்றன, வலுவானவை. "கெர்பல் டூ" என்று இரண்டே வார்த்தை சொல்வார். எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போவார். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2011இல் முதன்முதலில் வெளிவந்தபோது ராக்கெட் விட்டுப் போய்ச் சேர அதில் ஒரு நிலாகூடக் கிடையாது. ஆனாலும் ஆட்கள் ராக்கெட்டைக் கட்டுவதும் அது வெடிப்பதைப் பார்த்துச் சிரிப்பதுமாக நான்கு ஆண்டுகளை ஓட்டினார்கள். 2015 ஏப்ரலில் அது முழுமை பெற்றது. அந்த நல்ல பெயரை நம்பி 2023 பிப்ரவரியில் இரண்டாம் பாகத்தை எர்லி ஆக்சஸில் 50 டாலருக்கு வைத்தார்கள். வேற்றுக் கிரகத்தில் குடியேற்றம், வேறு சூரியன்களுக்குப் பயணம், பலர் சேர்ந்து ஆடும் வசதி எல்லாம் பின்னால் வரும் என்றார்கள். 2024இல் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். விளையாட்டு மட்டும் கடையில் தொங்கியது. அந்தச் செய்தி வந்த அன்று அண்ணன் நண்பர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார் என்று கேள்வி.

சேமித்த உலகம் செல்லாமல் போய்விடும் என்பது அவருடைய இன்னொரு பயம். இதுவும் வீண் பயம் இல்லை. செவன் டேஸ் டு டை 2013 டிசம்பரில் எர்லி ஆக்சஸுக்கு வந்து 2024 ஜூலையில்தான் வெளியேறியது. பத்தரை ஆண்டு. நடுவில் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் பழைய உலகத்தைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டிய நிலை. ப்ராஜெக்ட் ஸோம்பாய்டில் 41ஆம் பதிப்பில் கட்டிய கோட்டையை 42ஆம் பதிப்புக்கு எடுத்துப் போக முடியவில்லை. மூன்று மாதம் செலவழித்துச் சுவர் எழுப்பியவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அண்ணனுக்குத் தெரியாது, அவர்தான் சுவரே எழுப்பவில்லையே.

சப்நாட்டிகா விஷயத்தில் அவர் செய்தது சரி, முழுக்கச் சரி. கடலுக்கு அடியில் நடக்கும் அந்த விளையாட்டில் ஒரு கதை இருக்கிறது, முடிவு இருக்கிறது, இருட்டுக்குள்ளிருந்து முதன்முறையாகக் கேட்கும் ஒரு கர்ஜனை இருக்கிறது. அதை ஒரு தடவைதான் புதிதாகக் கேட்க முடியும். 2014 டிசம்பரிலேயே பாய்ந்து வாங்கிய முந்திரிக்கொட்டைகள் 2018 ஜனவரியில் முழு விளையாட்டு வருவதற்குள் அந்தக் கடலை வீட்டுக் கிணறு மாதிரி அறிந்து வைத்திருந்தார்கள். பொறுத்திருந்து இறங்கியவர்களுக்குக் கிடைத்த திகில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அண்ணனின் கொள்கை உடைவது வேறோர் இடத்தில். முடிந்தது என்ற முத்திரையைக் குத்துபவர் யார்? விற்பவர்தான். ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 என்ற விண்வெளி நிலைய விளையாட்டு 2013 அக்டோபரில் எர்லி ஆக்சஸுக்கு வந்தது. திட்டங்களின் பட்டியல் நீளமாக இருந்தது. காசு கட்டுப்படியாகவில்லை என்றதும் மறு ஆண்டு அக்டோபரிலேயே ஒன் பாயின்ட் ஓ என்று எழுதிக் கடையைக் கட்டிவிட்டார்கள். பட்டியலில் பெரும்பகுதி பட்டியலிலேயே நின்றது. அண்ணனின் இலக்கணப்படி இது முழுமையான விளையாட்டு, தைரியமாக வாங்கலாம். மறுபக்கம், ப்ராஜெக்ட் ஸோம்பாய்ட் 2013 நவம்பரில் ஸ்டீமுக்கு வந்தது. 42ஆம் பதிப்பு வரை எட்டியும் எர்லி ஆக்சஸ் பலகையைக் கழற்றவில்லை. லட்சக்கணக்கானோர் அதில் ஆயிரக்கணக்கான மணி நேரம் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார்கள். அண்ணனின் இலக்கணப்படி அது இன்னும் பிறக்கவே இல்லை. கல்லூரியில் படிக்கும்போது அதற்காகக் காத்திருக்கத் தொடங்கியவர், இப்போது மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து நிலவரம் பார்க்கிறார்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் அவரைக் கணக்குப் போட வைத்தது. ஆடம்ஸ் சகோதரர்கள் இருவர் 2006 ஆகஸ்டில் வெளியிட்ட விளையாட்டு அது. பல ஆண்டுகளுக்கு அதன் பதிப்பு எண்ணே, எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்பதற்கான உத்தேச அளவு: 0.47 என்றால் நூற்றில் 47 பங்கு. 2022 டிசம்பரில் ஸ்டீமுக்கு வந்தபோது 50 என்று போட்டிருந்தார்கள். பாதிக்கு 16 ஆண்டு என்றால் மீதிப் பாதிக்கு இன்னொரு 16. ஆக 2038. அண்ணன் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். ஸ்டார் சிட்டிசன் பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுக்காதீர்கள். 2012இல் மக்களிடம் பணம் திரட்டி, 2014இல் வரும் என்று சொன்ன விளையாட்டு இன்னும் ஆல்ஃபாவில்தான் இருக்கிறது, அவருக்கே அலுத்துவிட்டது.

அப்படியும் ஒரு நாள் வரத்தான் செய்தது. சாட்டிஸ்ஃபேக்டரி, 2019 மார்ச்சில் தொடங்கி ஐந்தரை ஆண்டு எர்லி ஆக்சஸில் கிடந்து, 2024 செப்டம்பர் 10 அன்று ஒன் பாயின்ட் ஓ ஆனது. அண்ணன் அலுவலகத்தில் முன்கூட்டியே விடுப்பு சொல்லியிருந்தார். தம்பிமார் மாலையில் போன் போட்டார்கள்.

"அண்ணே, இறங்கிட்டீங்களா?"

"முதல் வாரம் பக் இருக்கும்டா. ஒன் பாயின்ட் ஒன் வரட்டும்."

அதுவும் 2025 ஜூனில் வந்தது.

உண்மையில் எப்போது வாங்குவது என்ற கேள்விக்கான பதிலை ஸ்டீமே ஒவ்வொரு எர்லி ஆக்சஸ் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறது: இன்று இருக்கிற நிலையில் இதை ஆட ஆசை இல்லையென்றால் பொறுங்கள். வரப்போவதாகச் சொல்லும் வசதிகளைக் கணக்கில் சேர்க்காமல், கையில் கிடைப்பது கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று மட்டும் பார்த்தால் போதும். ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் காணாமல் கிடந்தால், 2025 முதல் அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எர்லி ஆக்சஸுக்கும் இது பொருந்தும். இதெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். அந்த இரண்டு மணி நேரத்தை எப்போது தொடங்குவது என்பதில்தான் அவருக்குக் குழப்பம்.

உங்கள் வட்டத்திலும் இப்படி ஒருவர் இருந்தால், அவருடைய அடுத்த பிறந்தநாளுக்கு நீங்களே ஒரு விளையாட்டை வாங்கிப் பரிசாக அனுப்பிவிடுங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை. ஸ்டீமில் அனுப்பிய பரிசை 30 நாளுக்குள் அவர் ஏற்றுக்கொள்ளாவிட்டால், பணம் தானாகவே உங்களிடம் திரும்பி வந்துவிடும்.