கைப்பிள்ளையோடு கடல் கடத்தல்: சேந்தமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் எதை எதையோ ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்கள். சங்க இலக்கியத்தில் உப்பு இருக்கிறது, காப்பியங்களில் கனவு இருக்கிறது. ஆனால் நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்றும் போகாத பிள்ளை ஒன்றுமாக, கூடவே அம்மாயியையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் சிங்கப்பூர் போய் வருவது எப்படி என்னும் பொருள் மட்டும் ஆய்வாளர் கையில் அகப்படாமல் தப்பித்து வருகிறது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

1. முன்னோர் மொழிந்தவை

எதையும் இலக்கணத்திலிருந்து தொடங்குவதே மரபு. தலைவன் எதற்கெல்லாம் பிரிந்து போகலாம் என்று தொல்காப்பியம் பட்டியல் போடுகிறது. படிக்கப் போகலாம், பகை தீர்க்கப் போகலாம், தூது போகலாம், பொருள் தேடப் போகலாம். சுற்றிப் பார்க்கப் போகலாம் என்று அதில் இல்லை. போதாக்குறைக்கு, கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று அகத்திணையியலில் தனியாக ஒரு நூற்பாவே இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றித் தொல்காப்பியர் வாய் திறக்கவில்லை. தாயே வராத பயணத்தில் பிள்ளை எப்படி வரும் என்று விட்டிருப்பார். எனினும் இந்த நூற்பா நம்மைக் கட்டுப்படுத்தாது. திருச்சியில் ஏறும் விமானம் கடலில் போவதில்லை, கடலுக்கு மேலே போகிறது.

அடுத்த சான்று கல்வெட்டு. முதலாம் ராஜேந்திரன் 1025-ல் கடாரத்தின் மீது படை எடுத்தான். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று அவன் மெய்க்கீர்த்தி ஊர் ஊராக அடுக்குகிறது. தென்கிழக்காசியச் சுற்றுப்பயணத்துக்கு இதைவிட நெரிசலான திட்டத்தை இன்றைய டிராவல்ஸ்காரர்கூடப் போட்டுத் தர மாட்டார். ஆனால் எந்த ஊரில் மதியம் தூங்கினார்கள், எந்தத் துறைமுகத்தில் ஒண்ணுக்குப் போக இடம் கிடைத்தது என்ற குறிப்பு அதில் இல்லை. பிள்ளை வளர்ப்போர்க்கு மெய்க்கீர்த்தி பயன்படாது என்பது இதனால் பெறப்படும்.

'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியாரும் இங்கே உதவ மாட்டார். காந்தியைப் பற்றிய படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர் அவர். அவர் தேடிப் போனது படச்சுருள், வெந்நீர் அல்ல.

2. ஆய்வுக் களம்

சேந்தமங்கலம் நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் சாலையில் உள்ளது. மலையைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாம் இந்த ஊர் வழியாகத்தான் போகிறார்கள். பிறர் சுற்றுலா போவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஊர் என்பதால், நாமும் ஒரு நாள் போக வேண்டும் என்ற ஆசை இங்கே இயல்பாகவே முளைக்கிறது. காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை வளைவிலும் வாந்தி எடுக்காமல் மலைமேல் செம்மேடு போய்ச் சேர்ந்த பிள்ளை விமானம் ஏறத் தகுதி உடையது என்பது வட்டாரக் கொள்கை. இதை மறுக்கும் சான்று எதுவும் இதுவரை காட்டப்படவில்லை.

விமானத்துக்குச் சென்னை போக வேண்டியதில்லை. தொட்டியம், முசிறி வழியாகக் காவிரியை ஒட்டிப் போனால் திருச்சி. அங்கே 2024-ல் புது முனையமும் வந்துவிட்டது. சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு, நாலு மணி நேரச் சொச்சம். லண்டன், பாரிஸ் என்றால் ஆளுக்கொரு ஸ்வெட்டர் வேண்டும். சிங்கப்பூரில் உள்ளூர் வெயிலே கிடைக்கிறது. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் அம்மாயி பலகைகளைத் தாமே படித்து, படித்ததைச் சத்தமாகச் சொல்லியும் காட்டலாம்.

3. கருதுகோள்

திட்டம் நீள நீள இன்பம் சுருங்கும். பிள்ளையின் வயது குறையக் குறைய இந்தச் சுருக்கம் கடுமையாகும்.

4. ஆவணவியல்

பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பிறப்புச் சான்றிதழில் தொடங்குகிறது. பிள்ளை பிறந்தபோது பெயர் வைக்காமலே பதிந்து, பிறகு பெயர் சேர்க்க மறந்துபோன வீடுகள் இங்கே நிறைய. தமிழ்நாட்டில் ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமலும், அதற்குப் பிறகு கட்டணம் கட்டியும் பெயரைச் சேர்க்கலாம். பாஸ்போர்ட் விண்ணப்பம் போடும் நாளில்தான் இது ஞாபகம் வருகிறது. ஞாபகம் வந்ததும் சான்றிதழில் எந்தப் பெயர், பள்ளியில் எந்தப் பெயர், அப்பன் பெயருக்கு இனிஷியலா முழுப் பெயரா என்ற பாடபேத ஆராய்ச்சி ஆரம்பமாகிறது. ஏட்டுச் சுவடி பதிப்பித்தவர்களுக்கு மட்டுமே இந்த வேதனை விளங்கும்.

நாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தைப் பெற்றோரே கொண்டு போக வேண்டும். களத்தில் கண்டது இது: ஸ்டூடியோவில் வெள்ளைத் திரைக்கு முன் ஸ்டூலில் கைப்பிள்ளை. பின்னால் அம்மா குனிந்து, முதுகைத் தாங்கிக்கொண்டு, தன் விரல் படத்தில் விழாமல் மறைக்கிறாள். முன்னால் அப்பா சாவிக்கொத்தை ஆட்டுகிறார். போட்டோக்காரர் "கண்ணு, இங்க பாரு" என்கிறார். பிள்ளை சாவியைப் பார்க்கிறது, விசிறியைப் பார்க்கிறது, போட்டோக்காரரின் செருப்பைப் பார்க்கிறது. கேமராவைப் பார்த்த ஒரே நொடியில் கண்ணை மூடிக்கொள்கிறது.

இதைவிடச் சிக்கலானது மொட்டைப் பிரச்சினை. குலதெய்வத்துக்கு முடி இறக்க வேண்டிய பிள்ளைக்குப் படம் எடுப்பது மொட்டைக்கு முன்னா, பின்னா? முன்னால் எடுத்தால் படத்தில் சுருட்டை முடி, அதிகாரி முன்னே சந்தனம் பூசிய தலை. பின்னால் எடுத்தால் பாஸ்போர்ட் தீரும் வரை ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்ற கேள்வி. சிங்கப்பூர் விசாவுக்கு மூன்று மாதத்துக்குள் எடுத்த படம் கேட்கிறார்கள். குலதெய்வத்திடம் தவணை கேட்பதே நடைமுறையில் எளிது.

5. காலவியல்

விடுமுறை மூன்று: காலாண்டு, அரையாண்டு, கோடை. இவற்றில் எது வந்தாலும் ஒரு தடை கூடவே வரும். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி. கோழிப்பண்ணை வைத்திருப்பவர் பாடு இன்னும் மோசம். நாமக்கல் கோழிக்குக் காலாண்டு விடுமுறை கிடையாது, அது தினமும் முட்டை இடும். ஆகையால் பண்ணையைப் பார்த்துக்கொள்ள மச்சான் சம்மதிக்கும் வாரமே பயண வாரம் எனக் கொள்க.

அடுத்தது சூலம். சேந்தமங்கலத்திலிருந்து திருச்சி தென்கிழக்கு. இதைக் கிழக்கு என்று கொண்டால் திங்களும் சனியும் ஆகாது, பரிகாரம் தயிர். தெற்கு என்று கொண்டால் வியாழன் ஆகாது, பரிகாரம் தைலம். இரண்டுமே 100 மில்லிக்கு மேல் கைப்பையில் கொண்டு போக முடியாத பொருள்கள். எனவே பரிகாரத்தை வாசற்படியிலேயே முடித்துவிட வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு.

ராகு காலத்தில் அறிஞரிடையே இன்னும் ஒருமை ஏற்படவில்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இங்கே ராகு காலம் பிறக்கும்போது அங்கே பதினொன்றரை, அவர்களுக்கு ராகு காலமே முடிந்துவிட்டது. நடுவானில் இருப்பவருக்கு எந்த ஊர் ராகு? பஞ்சாங்கக்காரர்கள் இதை ஆராய வேண்டும்.

6. பண்டவியல்

இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தேங்குழல், முறுக்கு, ராசிபுரம் நெய். ஒரு வாரத்துக்கு ஆறு பேர் சாப்பிடும் அளவு கட்டுவார்கள். போகிற ஊரிலோ சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறது. இதை எடுத்துச் சொன்னபோது நடந்த உரையாடல் வருமாறு:

"ஏஞ்சாமி, அந்த ஊர்ல சோறு கெடைக்குமா?"

"நம்ம ஊரு சாப்பாடே கெடைக்குமுங்க அம்மாயி."

"கெடைக்கட்டும். புள்ளைக்குப் பசிச்சா உடனே கெடைக்குமா?"

இந்தக் கேள்விக்கு விடை சொன்ன சுற்றுலா நூல் எதுவும் இல்லை. ஆகவே பொடி வெல்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: எம்ஆர்டி ரயிலில் தின்பதும் குடிப்பதும் குற்றம், அபராதம் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை போகும். சந்தையில் வாங்கிய முறுக்கு உலகத்திலேயே விலையுயர்ந்த முறுக்காகும் இடம் அதுதான்.

நாமக்கல் பக்கத்து ஆண்களிடம் ஒரு தனிக்கூறு உண்டு. எந்த நாட்டில் இறங்கினாலும் முதலில் முட்டை விலையைக் கேட்பார்கள், பிறகு மஞ்சள் கருவின் நிறத்தைப் பார்த்துத் தீவனத்தைப் பற்றி ஒரு கருத்துச் சொல்வார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் இதற்கென்று கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

7. அளவையியல்

தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் பிள்ளைக்கு வயதுதான் அளவு. 2022 முதல் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. எம்ஆர்டியில் உயரம் பார்க்கிறார்கள். பெரியவரோடு வரும் 0.9 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. இந்த வேறுபாடு நம் பெற்றோரின் நீண்டகாலத் திறமை ஒன்றைச் செல்லாக்காசு ஆக்கிவிடுகிறது. கண்டக்டரிடம் வயதைக் குறைத்துச் சொல்லலாம் ("எனக்கு ஆறு!" என்று பிள்ளை குறுக்கே கத்தாமல் இருந்தால்). அளவுகோலிடம் என்ன சொல்வது? "கண்ணு, கொஞ்சம் குனிஞ்சு நில்லு" என்றால், அந்த நேரம் பார்த்துப் பிள்ளை நுனிக்காலில் நிற்கும். கேளிக்கைப் பூங்காவில் பெரிய ராட்டினத்துக்கு உயரம் போதாது என்று திருப்பி அனுப்பும்போதோ அதே பிள்ளை குனிந்து அழும்.

8. நிரலியல்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாக வன்பரணர் பாடினார். ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடி 17, 18-ல் மலைமேல் விழாவும் எடுக்கிறோம். இதனாலோ என்னவோ, இவ்வட்டாரத்தார் போடும் பயணத் திட்டங்களில் ஓரியின் குணம் தூக்கலாகத் தெரிகிறது. காலையில் விலங்குக்காட்சி சாலை, மதியம் செந்தோசா, மாலையில் மெர்லயன், இரவில் நைட் சஃபாரி. மறுநாள் அப்படியே மலேசியாவையும் முடித்துவிடலாம். ஓரி அம்பு விட்டபோது அவன் இடுப்பில் பிள்ளை இல்லை என்ற உரைக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

பிள்ளைகள் உண்மையில் எதைப் பார்த்தார்கள் என்பதற்கான தரவுகள்: ஓட்டல் லிஃப்ட், அதன் பொத்தான்கள். நகரும் படி, அதில் ஏறி இறங்கி மறுபடி ஏறுதல். திறந்தவெளி விலங்குக்காட்சி என்று 1973-லிருந்து பேர்பெற்ற மண்டாய் விலங்குக்காட்சி சாலையில், ஒராங்குட்டானுக்குக் கீழே தத்தித் திரிந்த மைனா. "அம்மா, நம்மூரு மைனா!" பெற்றோர் ஒராங்குட்டானைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளை மைனா பின்னால் ஓடுகிறது. நுழைவுச்சீட்டின் விலையை நினைத்து ஒருவர் மட்டும் வருந்துகிறார்.

9. ஒப்பியல்

சாங்கி விமான நிலையத்தில் 2019-ல் திறந்த ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயர அருவி விழுகிறது. உள்ளரங்க அருவிகளில் உலகிலேயே உயரமானது. கொல்லிமலை ஆகாய கங்கையோ சுமார் 300 அடி.

"இதுக்கா இத்தன தூரம் வந்தோம்? நம்ம ஆகாய கங்கையில பாதிகூட இல்ல."

"அங்க ஆயிரம் படிக்கு மேல எறங்கோணுமுங்க அம்மாயி. இங்க லிஃப்ட் இருக்குது."

சற்று நேரம் அருவியைப் பார்த்துவிட்டு, "அது செரி" என்றார். ஒப்பிலக்கியத் துறையில் இவ்வளவு விரைவாக ஒரு முடிவு எட்டப்பட்டது அரிது.

10. முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் காலையில். மதியம் அறையில் தூக்கம், பெரியவர்களுக்கும் சேர்த்து. மாலையில் காசில்லாத இடங்கள்: 1859 முதல் இருக்கும் தாவரவியல் பூங்கா, அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே உள்ள விளையாட்டுத் திடல்கள். வாரத்தில் ஒரு நாள் எங்கும் போகாமல் இருத்தல். சொந்தக்காரர்களுக்குக் கோடாலித் தைலம் வாங்கும் வேலையை முதல் நாளே முடித்துவிட்டால், கடைசி நாள் முஸ்தபா கடையில் பிள்ளையைத் தேட வேண்டியிராது.

புறப்படும் முன், பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்கு மேல் காலம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்புங்கள், பிள்ளைகளுக்கும் தனித்தனியாக. முடி இறக்குவதைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தூக்கம் வந்தால், எதிரே எந்த அதிசயம் நின்றாலும் அறைக்குத் திரும்பிவிடுங்கள். விட்டதைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டு செல்லும், அதற்குள் கோடை விடுமுறை பலமுறை வரும். மச்சானிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்.